பின்கொட்டகைக் குதிரைகள்

கும்மிடிப்பூண்டி,
18-11-1974

கிரேஸ் அப்பாவுக்கு,

சாராள் எழுதுகிறேன். கிரேஸுக்குச் சளி விட்டது. பள்ளிக்கூடம் போகிறாள். இந்த மழைக்குக் கூரை தாங்கிவிட்டது.

எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. பெரிய ரோட்டோரம் புதிதாக ஒரு கம்பெனி வந்ததே, கறியை வேகவைத்து டப்பாவில் அடைத்து அனுப்புவார்கள் என்று சொன்னேனே, அங்கேதான். எருமையும் கிழ மாடும் லாரியில் வரும். அறுப்பது பின்பக்கக் கொட்டகையில், அது ஆண்கள் வேலை. பெண்கள் நாங்கள் முன்பக்கம் உட்கார்ந்து டப்பாவைத் துடைத்து, காளை படம் போட்ட சீட்டை ஒட்டுகிறோம். உட்கார்ந்து என்று எழுதியிருப்பதைக் கவனியுங்கள். ஸ்டூல் கொடுத்திருக்கிறார்கள். பண்ணை வயலில் நாற்று நடும்போது இடுப்பு வலிக்கிறதென்று கொஞ்சம் நிமிர்ந்தால்கூட, "இன்னாடி அங்க வேடிக்கை" என்பார் பண்ணைக்காரர். இங்கே மேஸ்திரி பரசுராமன் என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார். பக்கத்து வீட்டு முத்தம்மாளும் என்னோடு சேர்ந்திருக்கிறாள். புருஷன் போனதிலிருந்து அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. இப்போது சிரிக்கிறாள்.

வருகிற மார்ச்சோடு குதிரைப் பந்தயத்தையே நிறுத்தப்போவதாக இங்கேகூடப் பேசிக்கொள்கிறார்கள். நிறுத்திவிட்டால் லாயத்தில் உங்களுக்கு என்ன வேலை இருக்கும்? கல்யாணமானதிலிருந்து நீங்கள் கிண்டியில், நான் இங்கே. பரசுராமனிடம் கேட்கட்டுமா? யோசித்துப் பதில் எழுதுங்கள். யோசிக்கிறேன் என்று மட்டும் எழுதாதீர்கள்.

சாராள்

கிண்டி, சென்னை-32,
1-12-1974

அன்புள்ள சாராளுக்கு,

உன் கடிதம் வந்தது. உனக்கு வேலை கிடைத்ததில் சந்தோஷம். என் வேலையைப் பற்றி உடனே எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

இங்கே நிலைமை சரியில்லை. பந்தயம் நின்றுவிடும் என்ற பேச்சு வந்த நாளிலிருந்து முதலாளிமார்கள் லாயத்துக்கு வருவதே இல்லை. கொள்ளுத் தீனியைக் குறைத்துவிட்டார்கள். வெறும் வைக்கோலைப் போட்டால் பந்தயக் குதிரை முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. புரோக்கர் ஒருவன் லாயம் லாயமாக வந்து வயதான குதிரைகளை விலை பேசுகிறான். எங்கே போகின்றன என்று கேட்டேன். வடக்கே கல்யாண ஊர்வலத்துக்கு என்றான். அடுத்த லாயத்துக்காரனிடம் மலை ஊரில் சவாரிக்கு என்று சொல்லியிருக்கிறான்.

என் பொறுப்பில் இருக்கும் குதிரை கமாண்டர் இன்னும் இருக்கிறான். என் இடது கைச் சுண்டுவிரல் நுனியைக் கடித்து எடுத்தவன் அவன்தான், உனக்குத் தெரியும். இன்றைக்கும் யாரையும் கிட்டே விடமாட்டான். கால் நரம்பு போய்விட்டது, இனி ஓடமாட்டான். நான் போனால் அவனுக்கு யார் தண்ணீர் காட்டுவது என்பதுதான் யோசனை. யோசனை என்று எழுதாதே என்றாய். வேறு எப்படி எழுதுவதென்று தெரியவில்லை.

கிறிஸ்துமஸுக்கு வருகிறேன். நேரில் பேசலாம்.

ஜோசப்

கும்மிடிப்பூண்டி,
9-1-1975

கிரேஸ் அப்பாவுக்கு,

நேரில் பேசலாம் என்றீர்கள். பேசியது போதும் என்று ஆகிவிட்டது. பண்டிகைக்கு வந்த மனுஷன் மறுநாளே பையைத் தூக்கிக்கொண்டு போனதை இந்தத் தெருவே பார்த்தது. உங்கள் தட்டில் நான் போட்ட கறியைத் தின்றுவிட்டுத்தானே "கறிக்கடைக் கம்பெனியில் எனக்கு வேலை வேண்டாம்" என்றீர்கள். அது கம்பெனி கேட்டில் வேலைக்காரர்களுக்கென்று சல்லிசாகப் போடும் கறி. நன்றாகத்தானே இருந்தது? கொஞ்சம் தித்திப்பாக இருக்கிறதே என்று இரண்டாம் தரம் வாங்கிக்கொண்டவர் நீங்கள்தான்.

நான் எழுத உட்கார்ந்தது அதைப் பற்றி அல்ல. இதை மறைக்க எனக்கு மனசு வரவில்லை. பின்கொட்டகைக்கு இப்போது குதிரைகள் வருகின்றன. முந்தாநாள் லாரி கதவைத் திறந்தபோது பார்த்தேன். எதற்கு என்று கேட்டேன். பரசுராமன் ஒளிக்கவில்லை. "வெளிநாட்டுல துன்றாங்கம்மா. நமக்கு இன்னா? மாடு மாதிரி அதுவும் ஒரு உருப்படி" என்றார். மாடு அடக்கிப் பழகிய ஆட்கள் குதிரை கிட்டே போகப் பயப்படுகிறார்கள். ஒருத்தனுக்கு விலா எலும்பு முறிந்துவிட்டது. "உன் ஊட்டுக்காரர் குதிரைக்காரர்தானே, வருவாரா?" என்று பரசுராமன் என்னைக் கேட்டார். நல்ல சம்பளம், நிரந்தர வேலை.

உங்களுக்குக் கோபம் வரும் என்று தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன். பந்தயம் நின்றபிறகு குதிரையைப் பிடிக்கத் தெரிந்தவனுக்கு இந்த நாட்டில் வேறு எங்கே வேலை இருக்கிறது?

சாராள்

கிண்டி,
14-1-1975

சாராளுக்கு,

நீ எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். என்னை யார் என்று நினைத்துக்கொண்டாய்? பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்ததைக் கயிறு பிடித்துக் கொண்டுபோய்க் கசாப்புக்காரன் முன் நிறுத்தவா என்னைக் கூப்பிடுகிறாய்?

நாளையிலிருந்து அந்தக் கம்பெனிக்குப் போகாதே. இது கேள்வி இல்லை.

ஜோசப்

கும்மிடிப்பூண்டி,
20-1-1975

கிரேஸ் அப்பாவுக்கு,

போவேன்.

பெற்ற பிள்ளை என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் பெற்ற பிள்ளை இங்கே இருக்கிறாள். அவள் நடக்க ஆரம்பித்தது உங்களுக்குக் கடிதத்தில்தான் தெரியும். கமாண்டர் எந்தப் பந்தயத்தில் எத்தனையாவதாக வந்தான் என்பது உங்களுக்கு மனப்பாடம்.

எருமையை அறுத்தபோது உங்களுக்கு வலிக்கவில்லை. குதிரை என்றதும் வலிக்கிறது. மாட்டுக்கண்ணில் தண்ணீர் வராதா? மாட்டுக்கறி தின்கிற சனம் என்று சொல்லித்தானே நம்மைக் கிணற்றுக்கிட்டே விடவில்லை. அதே ஆட்கள் குதிரை என்றால் ஐயோ பாவம் என்பார்கள். நீங்களும் அவர்களோடு சேர்ந்துகொண்டீர்களா? ஓடாத குதிரையைச் சவுக்கால் அடித்து ஓடவைத்தது யார்? கால் வீங்கினால் ஊசி போட்டுத் திரும்ப ஓட விட்டது யார்? அந்த லாயத்தில்தானே நீங்கள் சம்பளம் வாங்கினீர்கள். அந்தப் பணம் சுத்தம், என் பணம் மட்டும் அசுத்தமா?

நான் வேலையை விட்டால் திரும்பவும் பண்ணை வயல்தான். நீங்கள் வந்து நடுவீர்களா?

சாராள்

கிண்டி,
16-2-1975

அன்புள்ள சாராளுக்கு,

பதில் எழுத இவ்வளவு நாள் ஆனது கோபத்தால் அல்ல. நீ கேட்டது நியாயம். நானும் மாட்டுக்கறி தின்று வளர்ந்தவன்தான். ஒன்று பாவம், இன்னொன்று இல்லை என்று எந்த வாயால் சொல்வேன்? குதிரையை மட்டும்தான் எனக்குத் தெரியும். அதனால் அதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

மாடு மிரண்டால் நின்றுவிடும். குதிரை மிரண்டால் ஓடும். ஓட முடியாத இடத்தில் அடைத்துவைத்து, முன்னால் போனதன் ரத்த வாடையை மோந்துகொண்டு நிற்கவைத்தால், அது சாவதற்கு முன்பே பலமுறை செத்துவிடும். உங்கள் ஆளுக்கு விலா முறிந்தது இதனால்தான்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இங்கே கால்வலிக்குத் தினமும் தீனியில் ஒரு பொடி கலந்து கொடுப்போம். ஊசியும் போடுவார்கள். லாயத்து மிருக டாக்டரிடம், இந்தக் குதிரைகளைச் சாப்பிடுகிறார்களாமே என்று கேட்டேன். அவர் முகமே மாறிவிட்டது. இந்த மருந்து ஏறிய உடம்பை நாய்க்குக்கூடப் போடக்கூடாது, மனுஷன் தின்றால் ரத்தமே கெட்டுப்போகும் என்றார்.

கமாண்டரை விற்றுவிட்டார்கள். நான் தீவனக் கடைக்குப் போயிருந்த நேரத்தில் லாரி வந்திருக்கிறது. செம்பட்டை நிறம், பின்னங்காலில் ஒன்று மட்டும் வெள்ளை. அங்கே வந்தானா என்று மட்டும் பார்த்துச் சொல். வேலையை விடு என்று இந்தத் தரம் நான் எழுதவில்லை.

ஜோசப்

கும்மிடிப்பூண்டி,
22-2-1975

கிரேஸ் அப்பாவுக்கு,

வந்திருக்கிறான். உயிரோடு இருக்கிறான்.

சாப்பாட்டு மணி அடித்ததும் பின்கொட்டகைக்குப் போனேன். நாங்கள் அங்கே போகக் கூடாது. ஆனாலும் போனேன். சுவரோடு சுவராகக் கட்டியிருக்கிறார்கள். எல்லாம் எலும்பாக இருக்கின்றன. ஒன்றின் கண்ணில் ஈ மொய்த்தது, தலையை ஆட்டக்கூட அதற்குத் தெம்பில்லை. கமாண்டர் மட்டும் என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டினான். அப்போது ஒரு குதிரையை உள்ளே இழுத்தார்கள். நீங்கள் எழுதியதுதான் நடந்தது. சம்மட்டி முதல் அடியில் சரியாக விழவில்லை. மீதியை எழுதமாட்டேன். அந்தச் சத்தத்துக்கு வெளியே கட்டியிருந்த அத்தனையும் ஒரே நேரத்தில் கயிற்றை இழுத்தன. சுவரே நகர்ந்த மாதிரி இருந்தது.

திரும்பி வரும்போது கேட்டுப் பக்கம் கறித்தொட்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். கொட்டகையிலிருந்து நேராக வந்த தொட்டி. வேலைக்காரர்களுக்குப் போடும் கறி. பரசுராமன் முன்னால் போய் நின்று, "இது இன்னா கறி சார்?" என்று கேட்டேன். "மாட்டுக்கறிதான். உனுக்கு இன்னாம்மா பேஜாரு?" என்றார். "நான் பாத்துகினுதான் வரேன்" என்றேன். அவர் தொட்டியின்மேல் சாக்கை இழுத்து மூடினார். குதிரைக்கறி வெளிநாட்டுக்கு என்றார்களே, அந்த டப்பாவுக்கும் மாட்டுக்கறி என்று காளை படத்தைத்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறோம் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. குதிரை லாரி டிசம்பரிலிருந்தே வருகிறதாம், பண்டிகைக்கு நாம் தின்ற தித்திப்புக் கறியும் எது என்று விளங்கிவிட்டது. கிரேஸ் எலும்பைக்கூட விடாமல் சப்பினாள். நீங்கள் சொன்ன மருந்து அவள் உடம்பிலும் இருக்குமா? டாக்டரிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

பெண்களிடம் எல்லாம் சொன்னேன். சீட்டு ஒட்டாமல் உட்காரலாம் என்றேன். ஒருத்தியும் கையை நிறுத்தவில்லை. முத்தம்மாள், "உனுக்குப் புருசன் சம்பளம் வருது. எனுக்கு இன்னா வருது? கெடுத்துடாதடி" என்றாள். சாயங்காலம் என் கணக்கைத் தீர்த்து அனுப்பிவிட்டார்கள். கம்பெனியை மூட வைக்கப் பார்க்கிறாள் என்று தெருவில் பேச்சு. வீட்டுக் கதவில் கல் விழுந்தது. கிரேஸோடு மீஞ்சூரில் மேரி அக்கா வீட்டுக்குப் போகிறேன். பொன்னேரியில் சுகாதார அதிகாரி இருக்கிறாராம், அவரிடம் மனு கொடுப்பேன். நீங்கள் வந்து சாட்சி சொல்லவேண்டும்.

சாராள்

கும்மிடிப்பூண்டி,
9-3-1975

அன்புள்ள சாராளுக்கு,

கடிதம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்திருப்பாய். நம் வீட்டிலிருந்துதான் எழுதுகிறேன். கதவைச் சரிசெய்துவிட்டேன். கிரேஸைப் பற்றி டாக்டரைக் கேட்டேன். எப்போதோ ஒரு தரம் தின்றதற்கு அநேகமாக ஒன்றும் ஆகாது, காய்ச்சலோ, தொண்டைப் புண்ணோ, உடம்பில் ரத்தம் கட்டியது போல் திட்டோ தெரிந்தால் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகச் சொன்னார். பார்த்துக்கொள்.

நான் கம்பெனியில் சேர்ந்துவிட்டேன். பின்கொட்டகையில்தான்.

கோபப்படுவதற்கு முன் இதைப் படி. கமாண்டரை அவர்களால் உள்ளே கொண்டுபோக முடியவில்லை. கிட்டே போனவனையெல்லாம் உதைத்திருக்கிறான். பட்டினி போட்டுத் தெம்பை எடுத்துவிட்டு இழுக்கலாம் என்று விட்டுவைத்திருந்தார்கள். நான் போய் நின்றதும் காதை முன்னால் நீட்டினான். கடிக்கவில்லை. எப்படியும் சாகப்போகின்றன என்றால், தெரிந்த கை ஒன்று கயிற்றைப் பிடிக்கட்டுமே என்று தோன்றியது. தண்ணீர் காட்டுகிறேன், ஈ ஓட்டுகிறேன், புண்ணுக்கு மஞ்சள் வைக்கிறேன். அடிக்க விடுவதில்லை. இதைவிட வேறு எதுவும் என்னால் முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஜோசப்

மீஞ்சூர்,
13-3-1975

உங்களுக்கு,

வேலை வேண்டும் என்று நான் கெஞ்சியபோது நீங்கள் வரவில்லை. என்னை அங்கிருந்து துரத்தியபின் போய்ச் சேர்ந்திருக்கிறீர்கள். இதை யாரிடம் சொல்லிச் சிரிப்பேன்?

முத்தம்மாள் ஞாயிற்றுக்கிழமை இங்கே வந்தாள். நீங்கள் எழுதாததை அவள் சொன்னாள். "உன் பொண்டாட்டிதானே மனு குடுத்துகினு திரியறா?" என்று பரசுராமன் கேட்டதற்கு, "அவ பேச்சுல எனுக்கு சம்பந்தம் இல்ல சார். அவ வேற, நான் வேற" என்றீர்களாம். கேட்டுக்கு முன்னால், எல்லாரும் கேட்க. ஆண்டவரைத் தெரியாது என்று சீஷன் சொன்னதும் கூவிய மாதிரி சேவல் கூவியதா என்று முத்தம்மாளைக் கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

அதிகாரியைப் பார்த்தேன். நல்ல மனுஷர். நாற்காலி கொடுத்தார். சொல்லிவிட்டுத்தான் சோதனைக்கு வரவேண்டியிருக்கிறதாம். போன வாரம் வந்திருக்கிறார். கொட்டகையில் எருமைதான் நின்றதாம். குதிரைகளை முதல்நாளே சவுக்குத்தோப்பில் கொண்டுபோய்க் கட்டிவிட்டார்கள். கட்டியது நீங்களா? "குதிரையையே நான் கண்ணால பாக்கலியேம்மா. வெறும் வாய்ப்பேச்சை வெச்சு நான் எப்படிச் சீல் வைப்பேன்? ஒரு குதிரையைக் காட்டு, நாளைக்கே செய்யறேன்" என்றார்.

தெரிந்த கை கயிற்றைப் பிடிக்கட்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். அது குதிரைக்காகவா, உங்கள் மனசைச் சமாதானம் செய்யவா?

சாராள்

கும்மிடிப்பூண்டி,
28-3-1975

அன்புள்ள சாராளுக்கு,

சவுக்குத்தோப்பில் கட்டியது நான்தான். நீ வேறு, நான் வேறு என்றதும் நான்தான். உள்ளே போக அது ஒன்றுதான் வழி என்று நினைத்தேன். உன்னிடம் எழுத வெட்கமாக இருந்தது.

கமாண்டர் போய்விட்டான். செவ்வாய்க்கிழமை. பரசுராமன் இனிமேல் அவனுக்குத் தீனி போட முடியாது என்றார். நான்தான் கூட்டிப்போனேன். நான் முன்னால் நடந்ததால் வந்தான். வாசற்படியில் மட்டும் நின்று என் தோளை மோந்தான். "வா" என்றேன். வந்தான். ஒரே அடியில் முடிந்தது. மற்றவர்கள் எல்லாம் சந்தோஷப்பட்டார்கள், உதை வாங்காமல் வேலை முடிந்ததே என்று.

அன்று சாயங்காலம் பரசுராமன் என் முதுகில் தட்டினார். "நீ வந்தப்புறம் வேலை ஸ்பீடா போவுது ஜோசப்பு. முன்ன ஒண்ண இழுக்கற நேரத்துல இப்ப மூணு போவுது. இன்னும் ரெண்டு லாரி சொல்லிகிறேன்" என்றார்.

அப்போதுதான் நீ கேட்ட கேள்வி எனக்கு விளங்கியது. அவை பயப்படாமல் உள்ளே போகின்றன. ஏனென்றால் என்னை நம்புகின்றன. அடிக்க வருகிறவனை உதைத்தாவது பார்க்கும். என்னை உதைக்காது. இந்தக் கம்பெனியில் சம்மட்டி பிடிப்பவனைவிடப் பெரிய கொலைகாரன் நான்தான்.

மிச்சம் இருக்கும் குதிரைகளைத் திங்கட்கிழமை முடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். அந்த அதிகாரி சனிக்கிழமை காலையில் ஆபீசில் இருப்பாரா? இருந்தால் நீயும் அங்கே இரு. இந்தக் கடிதத்தை முத்தம்மாள் கையில் கொடுத்து அனுப்புகிறேன். என்ன எழுதியிருக்கிறது என்று அவளிடம் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

ஜோசப்

சப் ஜெயில், பொன்னேரி,
6-4-1975

அன்புள்ள சாராளுக்கு,

அன்று ஆபீஸ் வாசலில் நாம் பேச முடியவில்லை. அதற்குள் கம்பெனி ஜீப் போலீஸோடு வந்துவிட்டது. நீ கிரேஸைக் கையில் பிடித்துக்கொண்டு படியில் நின்றதை மட்டும் பார்த்தேன்.

நடந்ததைச் சொல்கிறேன். காலையில் தண்ணீர் காட்டப் போவதாகச் சொல்லித் தோப்புப் பக்கக் கதவைத் திறந்தேன். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு சாம்பல் நிறப் பெட்டைக் குதிரையைப் பிடித்தேன். மற்றவை அதன் பின்னால் வந்தன. கயிறு பிடித்தது அந்த ஒன்றுக்குத்தான். தோப்பைத் தாண்டிப் பெரிய ரோட்டுக்கு வந்துவிட்டோம். லாரிகளெல்லாம் ஓரம்கட்டி நின்றன. கவரப்பேட்டையில் டீக்கடை சனம் எழுந்து நின்று பார்த்தது. "இன்னாப்பா, சர்க்கஸா?" என்று ஒருத்தர் கேட்டார். "இல்ல, உங்களுக்குப் போடற கறி" என்றேன். அவருக்குப் புரியவில்லை. கூடவே நடந்து வந்த இன்னொருவர் கேட்டுக்கேட்டுப் புரிந்துகொண்டு, மற்றவர்களுக்குச் சொல்லிவிட்டார். பொன்னேரி வருவதற்குள் பின்னால் ஒரு கூட்டமே சேர்ந்துவிட்டது. நொண்டும் குதிரைக்காக நடுவே நிழலில் நின்று நின்றுதான் வந்தேன்.

மீதி உனக்குத் தெரியும். அதிகாரி வெளியே வந்து, ஒவ்வொரு குதிரையின் புண்ணையும் ஊசித் தழும்பையும் தொட்டுப் பார்த்தார். உன்னைப் பார்த்து, "காட்டிட்டீங்கம்மா" என்றார்.

இப்போது கம்பெனி வக்கீல் இங்கே வந்துபோனார். குதிரை திருடியதாகத்தான் வழக்கு. நான் ஒரு மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டால் வழக்கை வாபஸ் வாங்குவார்களாம். குதிரைகள் வண்டி இழுக்க வாங்கியவை, கோபத்தில் பொய் சொல்லிவிட்டேன் என்று அதில் எழுதியிருக்கிறது. போடாவிட்டால் பல மாதம் உள்ளே இருக்க வேண்டி வரும் என்கிறார். நீயும் கிரேஸும் அக்கா வீட்டில் எத்தனை நாள் இருப்பீர்கள்? ஒரு தரம் உன்னைக் கேட்காமல் முடிவெடுத்தேன். இந்தத் தரம் நீ சொல்வதுதான்.

ஜோசப்

மீஞ்சூர்,
9-4-1975

கிரேஸ் அப்பாவுக்கு,

கையெழுத்துப் போடாதீர்கள்.

பின்கொட்டகைக்குச் சீல் வைத்துவிட்டார்கள். நீங்கள் போட்டால் அது திறக்கும். அவ்வளவுதான் அந்த வக்கீலுக்கு வேண்டும். குதிரைகளை ஜீவகாருண்யச் சங்கத்துக்காரர்கள் கோர்ட்டில் பொறுப்பேற்று மெட்ராஸுக்குக் கொண்டுபோனார்கள். வழியில் ஒன்று விழுந்துவிட்டது, பிழைக்கவில்லை. மற்றவை தின்கின்றன என்று சொல்லியனுப்பினார்கள்.

நேற்று நான் கும்மிடிப்பூண்டிக்குப் போனேன். கம்பெனியில் அரை வேலைதான் நடக்கிறது. பெண்கள் பாதிப் பேர் வீட்டில். என்னைப் பார்த்ததும் கதவைச் சாத்தினார்கள். முத்தம்மாள் சாத்தவில்லை. ஆனால் உட்காரவும் சொல்லவில்லை. கோர்ட்டில் வந்து பார்த்ததைச் சொல்வாயா என்று நின்றுகொண்டே கேட்டேன். அவள் வெகுநேரம் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "குதிரைக்காக நான் வரமாட்டேன். உன் புருசனுக்காகவும் வரமாட்டேன். இன்னா கறின்னு சொல்லாம என் புள்ளைங்களுக்குத் துன்னக் குடுத்தாங்களே, அதைக் கேக்க வரேன்."

வக்கீல் சொல்வது உண்மையாக இருந்தாலும் இருக்கட்டும். நான் பார்த்துக்கொள்வேன். கிரேஸுக்குக் காய்ச்சல் எதுவும் இல்லை. நீங்கள் ரோட்டில் குதிரைகளோடு நடந்து வந்ததைத் தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள், தானும் கூட நடந்த மாதிரி.

என்னைக் கேட்டதற்காக இந்தக் கடிதத்தில் உங்கள்மேல் கோபம் எழுதவில்லை. மிச்சம் இருக்கிறது. வெளியே வாருங்கள்.

சாராள்

பொன்னேரி,
17-6-1975

அன்புள்ள சாராளுக்கு,

கிரேஸுக்கு அம்மை போட்டிருப்பதால் உன்னால் வர முடியவில்லை என்று அக்கா சொல்லியனுப்பினார். அதனால் தபால் ஆபீஸ் வாசலில் நின்றுகொண்டே இன்லண்ட் லெட்டர் எழுதுகிறேன். இது நாளைக்கே உன் கைக்கு வரும். நான் சங்கத்துக்காரர்களோடு சென்னைக்குப் போய்க் குதிரைகளைப் பார்த்துவிட்டு மறுநாள் வருகிறேன். அங்கே ஒரு ஆள் தேவைப்படுகிறதாம். உன்னைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

இன்று கோர்ட்டில் முத்தம்மாள் பயப்படாமல் சாட்சி சொன்னாள். கறித்தொட்டி எந்தக் கதவு வழியாக வந்தது என்று கம்பெனி வக்கீல் மடக்கியபோதும் மாற்றிப் பேசவில்லை. மாஜிஸ்டிரேட் என்னைப் பார்த்து, "குதிரைகளைத் திருடினாயா?" என்று கேட்டார். நான் ஓட்டிப்போகவில்லை, அவையாகத்தான் வந்தன என்று சொல்லச் சொல்லி நம் வக்கீல் சொல்லித்தந்திருந்தார். எனக்கு அது வரவில்லை. "கூட்டினு போனேன் ஐயா" என்றேன். எதற்கு என்றார். "அங்க இருந்தா கொன்னுடுவாங்க. எனுக்குத் தெரியும் ஐயா, நானே கொண்டுபோய் வுட்டுருக்கேன்" என்றேன். அவர் கொஞ்சநேரம் எழுதிக்கொண்டிருந்தார். ஜெயிலில் இருந்த நாட்கள் போதும், இன்று கோர்ட்டு கலையும் வரை அங்கேயே நிற்கவேண்டும், அதுதான் தண்டனை என்றார்.

நின்றேன். சனம் போய்விட்டது. சாயங்காலம் வெளியே வந்தால் வராந்தாவில் முத்தம்மாள் உட்கார்ந்திருந்தாள். கடைசி வண்டிக்கு முந்தின வண்டியை எனக்காக விட்டிருக்கிறாள். டீ வாங்கிக் கொடுத்தாள். "சாராள்கிட்ட சொல்லு. நாளைலேர்ந்து எனுக்கும் வேலை இல்ல. ரெண்டு பேருமா போய்த் தேடலாம்னு சொல்லு" என்றாள்.

சொல்லிவிட்டேன்.

ஜோசப்